எங்கள் குடலையும் கணக்கில் எடுங்கள்: ஈரல் நோய் ஆய்வாளர்களுக்கு மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கையின் மருத்துவ பீடங்களில் ஈரல் நோயை ஆராயும் பேராசிரியர்களுக்கும், வைத்திய நிபுணர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு வழிவிடும் சுகாதார அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

குடலில் வாழும் பற்றீரியாக்களை வைத்தே முற்றிய ஈரல் நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லும் ஆய்வுகள் சில வருடங்களாக வந்துகொண்டிருக்கின்றன. ஈரலில் ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டாம், ஒரு சின்னக் குப்பியில் மலம் கொடுத்தால் போதும் என்ற நிலை ஒருநாள் வரலாம். அந்தப் பரிசோதனை இலங்கைக்கு வருவதற்கு முன்பே ஒன்றைக் கேட்டு வைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இந்த நாட்டு மக்களுக்கு அது பொருந்துமா என்று நீங்கள் சரிபார்க்கும்போது, மலையகத் தோட்ட மக்களை முதல் நாளிலிருந்தே அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். நகரத்தில் சரிபார்த்து முடித்துவிட்டு, அப்புறம் எங்களிடம் கொண்டுவராதீர்கள்.

நான் வைத்தியர் இல்லை. தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். ஈரலைப் பற்றி நான் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் என் பெரியம்மா.

பெரியம்மா கொழுந்து பறித்தே வயதானவர். சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) பல வருடங்களாக மாதம் தவறாமல் கிளினிக் போனார். கிளினிக் போகும் நாளில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும், அது தெரிந்தும் போனார். ஒரு நாள் இரவு இரத்தமாக வாந்தி எடுத்தார். வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே கேட்ட முதல் கேள்வி, "குடிக்கிற பழக்கம் இருக்கா?" பெரியம்மா வாழ்க்கையில் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. இல்லை என்றார். திரும்பவும் கேட்டார்கள். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தோட்டத்துல பொம்பளைகளும் குடிப்பாங்கதானே, உண்மையைச் சொல்லுங்க" என்றார்கள். வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஈரல் தழும்பேறிச் சுருங்கிப் போயிருந்தது. ஈரலுக்குள் போக வழியில்லாத இரத்தம் உணவுக்குழாயின் நாளங்களைப் புடைக்கவைத்து, அதிலொன்று வெடித்திருந்தது. அதில் பட்டி போட்டு இரத்தத்தை நிறுத்தினார்கள். சீனி வருத்தமும் ஈரலில் படிந்த கொழுப்பும் சேர்ந்து செய்த வேலை இது என்று கடைசியில் எழுதிக் கொடுத்தார்கள். பெரியம்மா உயிரோடு இருக்கிறார். ஆனால் அந்தக் கேள்வியை அவர் இன்னும் மறக்கவில்லை.

குடி எங்கள் தோட்டங்களில் இல்லை என்று நான் சொல்லவில்லை. கசிப்பு எத்தனை குடும்பத்தை அழித்திருக்கிறது என்று லயத்தில் வளர்ந்த எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் தோட்டத்து ஆள் ஈரல் நோயோடு வந்தால் குடிதான் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டால், குடிக்காமலே ஈரல் கெட்டுப்போகிறவர்களை யார் தேடுவது?

அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை உங்களில் சிலரே காட்டியிருக்கிறீர்கள். லிந்துலை சுகாதாரப் பிரிவில் தோட்ட மக்கள் ஏறக்குறைய 400 பேரைப் பரிசோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். 20 வயது முதல் 64 வயது வரை உள்ளவர்கள், பெரும்பாலும் மலையகத் தமிழர்கள். அவர்களில் 18 சதவீதமானோருக்கு மதுவால் வராத கொழுப்பு ஈரல் இருந்தது. ராகமையில் நகரத்து மக்களிடம் செய்த ஆய்வில் அது 32.6 சதவீதம். எங்கள் எண் குறைவுதானே என்று யாரும் ஆறுதல்பட வேண்டாம். நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிற, கையில் காசு இல்லாத ஒரு சனத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு என்பது சின்ன விஷயமா? காலையில் ரொட்டி, மத்தியானம் ரொட்டி அல்லது சோறு, இடையிடையே சீனி போட்ட சாயத்தண்ணி. மரக்கறி மலையிலேயே விளைந்தாலும் லொறி ஏறித் தம்புள்ளைக்குப் போய்விடுகிறது. உடம்பு மெலிந்திருந்தாலும் வயிற்றுப் பக்கம் கொழுப்புச் சேருகிறது. ஈரலும் அதற்குத் தப்புவதில்லை.

கொழுப்பைச் சாதாரண ஸ்கேன் காட்டிவிடும். கொழுப்பு படிந்த பலருக்குக் கடைசிவரை ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மட்டும் அந்தக் கொழுப்பு அழற்சியாகி, அழற்சி தழும்பாகி, தழும்பு கூடிக்கூடிச் சிரோசிஸ் ஆகிறது. யாருக்கு ஆபத்து என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தழும்பின் அளவுதான். அதைத்தான் சாதாரண ஸ்கேன் ஆரம்பத்தில் காட்டுவதில்லை. ஈரலுக்குள் வலி தெரியாது. வயிற்றில் தண்ணீர் கட்டி, கண் மஞ்சளாகி, இரத்த வாந்தி வந்த பிறகு யாருக்கும் தெரியும். அதுவரை தெரியாது. ஈரலில் சதை எடுத்துப் பார்ப்பதைத் தோட்டத்தில் வீடுவீடாகச் செய்ய முடியாது. ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று வெளியிலிருந்தே அளக்கும் ஃபிப்ரோஸ்கேன் கருவிக்காக மலையை விட்டு இறங்கிப் போய்த் தேட வேண்டியிருக்கிறது. குடல் பற்றீரியா ஆய்வுகள் எனக்கு முக்கியமாகப்படுவது இதனால்தான்.

இந்த மடலை எங்கள் ஆட்களும் படிப்பார்கள் என்பதால் அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மலையில் பறிக்கிற கொழுந்து எல்லாம் முதலில் பெக்டரிக்குப் போவதைப்போல, குடல் உறிஞ்சுகிற எல்லாமே முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. ஈரலுக்கு வருகிற இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி குடல் பக்கமிருந்து ஈரலுக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய் (போர்ட்டல் நாளம்) வழியாக வருவது. குடலின் சுவர் பலவீனமானால் பற்றீரியாக்களின் நச்சுத் துண்டுகளும் அந்த இரத்தத்தோடு வந்து ஈரலைச் சீண்டிக்கொண்டே இருக்கும். ஈரல் கெட்டால் பித்தத்தின் அளவும் தன்மையும் மாறும். பித்தம் மாறினால் குடலில் எந்தப் பற்றீரியா பெருகும், எது குறையும் என்பதும் மாறும். ஆக, குடல் ஈரலைக் கெடுக்கிறது, கெட்ட ஈரல் குடலை மாற்றுகிறது. அந்த மாற்றத்தின் அடையாளம் மலத்தில் இருக்கிறது. மலத்திலுள்ள மரபணுக்களை வாசித்து, எந்தப் பற்றீரியா எவ்வளவு என்று கணக்கெடுத்து, நோயுள்ளவர்களின் கணக்கையும் இல்லாதவர்களின் கணக்கையும் கணினிக்குக் கொடுத்தால் அது இரண்டையும் பிரிக்கக் கற்றுக்கொள்கிறது.

2014இல் சீனாவில் சிரோசிஸ் நோயாளர் 98 பேரையும் சுகதேகிகள் 83 பேரையும் ஒப்பிட்டார்கள். வாயில் வாழ வேண்டிய ஸ்ட்ரெப்டோகோக்கஸ், வெயிலோனெல்லா வகைகள் நோயாளர்களின் குடலில் குடியேறியிருந்தன. 2017இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ரோஹித் லூம்பாவின் குழு, கொழுப்பு ஈரல் நோயாளர் 86 பேரிடம் 37 வகைப் பற்றீரியாக்களை வைத்து, முற்றிய தழும்பு உள்ளவர்களைப் பிரித்துக் காட்டியது. முற்றியவர் ஒருவரையும் முற்றாதவர் ஒருவரையும் ஜோடியாக நிறுத்தி யாருக்கு நோய் முற்றியது என்று கேட்டால், 100 தடவையில் 93, 94 தடவை சரியாகச் சொல்லக்கூடிய அளவுக்கு அது பிரித்தது. 2020இல் அதே குழுவும் அந்த ஊர் சால்க் ஆய்வு நிலையமும் சேர்ந்து, நோயாளர்கள், அவர்களின் நெருங்கிய இரத்த உறவுகள், நோயில்லாதவர்கள் என்று 163 பேரைப் பரிசோதித்து 19 வகைப் பற்றீரியாக்களின் ஒரு தொகுப்பைச் சொன்னார்கள். அதைச் சீனா, இத்தாலி நோயாளர்களின் தரவுகளிலும் வைத்துப் பார்த்தார்கள். அங்கும் சிரோசிஸ் தெரிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பெரியம்மாவுக்கு இப்படியொரு பரிசோதனை ஐந்து வருடங்களுக்கு முன் இருந்திருந்தால் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதே ஆய்வுகளை ஊன்றிப் படிக்கும்போது சில கேள்விகள் எழுகின்றன. 2017 ஆய்வின் 86 பேரில் முற்றிய தழும்பு உள்ளவர்கள் 14 பேர் மட்டுமே. அந்த 14 பேரும் கலிபோர்னியாவின் ஒரு மருத்துவமனைக்கு வந்தவர்கள். அவர்களின் சாப்பாடு வேறு, தண்ணீர் வேறு, மருந்து வேறு.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது 2018இல் சீனாவின் குவாங்டோங் மாகாணத்திலிருந்து வந்த ஆய்வு. ஒரே மாகாணம், 14 மாவட்டங்கள், 7009 பேர். குடல் பற்றீரியாக்களின் வேறுபாட்டை மிகப் பலமாகத் தீர்மானித்தது அவர்கள் எந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள் என்பதே. ஒரு மாவட்டத்தின் தரவை வைத்து நோயைக் கண்டுபிடிக்கக் கற்ற கணினி முறை, அடுத்த மாவட்டத்துக்குப் போனதும் தடுமாறியது. கணக்கில் எடுத்த பரப்பு பெரிதாகப் பெரிதாகத் துல்லியமும் குறைந்தது. ஒரு மாகாணத்துக்குள்ளேயே இப்படி என்றால், கலிபோர்னியாவின் கணக்கை லிந்துலையில் எப்படி அப்படியே வைப்பது? அதை விடுங்கள். ராகமையில் சரிபார்த்ததை லிந்துலையில் எப்படி வைப்பது?

எங்கள் குடல் நகரத்துக் குடல் இல்லை. கோதுமை மா ரொட்டி எங்கள் பிரதான உணவு. தோட்டங்களில் வயிற்றுப் பூச்சித் (குடற்புழு) தொல்லை பரம்பரையாக இருந்து வருகிறது. பிள்ளைகளாக இருந்த காலத்திலிருந்து பூச்சி மருந்து குடித்தே வளர்ந்தோம். பல லயங்களில் குடிதண்ணீர் இன்னமும் ஊற்றிலிருந்து குழாயில் நேராக வருகிறது. சளிக்கும் காய்ச்சலுக்கும் டவுனில் மருந்துக்கடைக்காரர் கொடுக்கும் அன்டிபயோட்டிக்கை இரண்டு நாள் குடித்துவிட்டு மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் சீனி வருத்தத்துக்கான மெட்போமின், வயிற்று எரிவுக்கான ஒமிப்ரசோல். இந்த இரண்டுமே குடல் பற்றீரியாக்களை மாற்றும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒமிப்ரசோல் குடிப்பவர்களின் குடலிலும் வாய்ப் பற்றீரியாக்கள் கூடும். அந்தக் கூடுதலையே நோயின் அடையாளம் என்று கணினி படித்துவிட்டால், சுகமாக இருக்கிற ஒரு பெண்ணுக்கு ஈரல் முற்றிவிட்டது என்று சொல்லிவிடும். நோயுள்ளவரைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடவும் கூடும். எனக்குப் பெரிய பயம் இந்த இரண்டாவது. ஒன்றுமில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் எங்கள் ஆட்கள் அதை நம்பி, அடுத்த பத்து வருடத்துக்கு வைத்தியசாலைப் பக்கம் போக மாட்டார்கள்.

இனி, எப்படி வருவது என்பதைப் பற்றி.

தயவுசெய்து பெரிய துரை, அதாவது தோட்ட முகாமையாளர், மூலமாக வராதீர்கள். காலையில் வேலைக்கு ஆள் சேரும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் வாசித்து, இன்னார் இன்னார் மலம் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் அங்கே யார் மாட்டேன் என்று சொல்வார்? நிர்வாகம் சொன்னதைச் செய்தே பழகிப்போன மக்கள் நாங்கள். அப்படி வாங்குகிற கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. தொழிற்சங்கத் தலைவர்மார் மூலமாக வந்தாலும் இதே கதைதான், ஒரு சங்கத்து ஆள் கொடுத்தால் மற்றச் சங்கத்து ஆள் கொடுக்க மாட்டார். பிள்ளைக் காம்பராவில் (பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) வேலை செய்யும் அக்காமார், குடும்பநல உத்தியோகத்தர், எங்களைப் போன்ற ஆசிரியர்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள். எங்களைக் கூப்பிடுங்கள். பின்னேரம், கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வந்து குளித்த பிறகு வாருங்கள். அந்த நேரத்தில்தான் ஒரு பெண் உட்கார்ந்து கேட்பார், கேள்வியும் கேட்பார்.

மலம் கேட்பது லேசான காரியம் இல்லை. பல லயங்களில் கழிவறை பொது. ஒரு வரிசைக்கு ஒன்று, வீட்டிலிருந்து இறங்கிப் போக வேண்டும். காலை ஆறு மணிக்கு அங்கே ஆள் காத்து நிற்கும். ஒரு பெண் கையில் குப்பியோடு பத்து வாசலைத் தாண்டிப் போய்வர வேண்டும் என்றால் வெட்கப்பட்டே கொடுக்காமல் விட்டுவிடுவார். வெளியே தெரியாத மூடிய பையும், எப்படி எடுப்பது என்று படம் போட்ட தாளும், கையுறையும் கொடுங்கள். மலம் சில மணித்தியாலம் வெளியே கிடந்தாலே அதிலுள்ள பற்றீரியாக்களின் விகிதம் மாறத் தொடங்கும். மேல் டிவிஷனிலிருந்து குப்பியைக் கண்டி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் உறையவைக்கும்போது நேரம் கடந்துவிடும். ஆகவே மரபணுவைச் சாதாரண வெப்பநிலையிலேயே காக்கும் திரவமுள்ள குப்பிகளுக்குச் செலவழியுங்கள். அதில் மிச்சம் பிடித்தால் முழு ஆய்வும் வீண்.

குடியைப் பற்றிக் கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் இந்த நோயைப் பிரிக்க முடியாது. ஆனால் புருசனும் மாமியாரும் பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். பதிலை முதலிலேயே முடிவு செய்துகொண்டும் கேட்காதீர்கள். ராகமையில் ஒரு லிகிதரிடம் எப்படிக் கேட்பீர்களோ அப்படியே எங்கள் பெரியம்மாமாரிடமும் கேளுங்கள்.

முடிவைத் திருப்பிக் கொடுங்கள். இது என் மிகப் பெரிய வேண்டுகோள். எங்களிடம் இரத்தம் எடுத்துப் போனவர்கள் உண்டு, பிள்ளைகளின் நிறை அளந்து போனவர்கள் உண்டு, கேள்விக்கொத்து நிரப்பிப் போனவர்கள் உண்டு. திரும்பி வந்து இதுதான் உங்கள் நிலைமை என்று சொன்னவர்கள் குறைவு. பற்றீரியாப் பரிசோதனை இன்னும் ஆய்வு நிலையில் இருப்பதால் அதன் முடிவை மட்டும் கொடுத்துப் பயம் காட்ட வேண்டாம் என்பது நியாயம். ஆனால் ஒப்பிடுவதற்காக ஃபிப்ரோஸ்கேனும் செய்யத்தானே போகிறீர்கள்? பெட்டியில் தூக்கிவரக்கூடிய கருவிகள் இப்போது இருக்கின்றன. அந்த முடிவை அவரவர் கையில், தமிழில் கொடுங்கள். தழும்பு முற்றியவர்களுக்கு அடுத்து எந்தக் கிளினிக், எந்த நாள், யாரைப் பார்ப்பது என்பதையும் முதலிலேயே ஒழுங்கு செய்துவிட்டு வாருங்கள்.

இனி, சுகாதார அமைச்சின் அதிகாரிகளுக்கு. பற்றீரியாப் பரிசோதனை வர வருடக்கணக்காகும். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஈரல் தழும்பை இரத்தப் பரிசோதனையிலிருந்தே மதிப்பிடும் ஃபிப்-4 என்ற கணக்கு. அதற்கு ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரண்டு ஈரல் நொதிகளின் அளவும், இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கையும் வேண்டும். வயதையும் ஏஎஸ்டி அளவையும் பெருக்க வேண்டும். இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கையை ஆயிரத்தில் எடுத்து, ஏஎல்டி அளவின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் எண் வந்துவிடும். 1.3க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை. 2.67க்கு மேலே என்றால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு அதிகம். இடையில் உள்ளவர்களுக்கு ஃபிப்ரோஸ்கேன் தேவை. 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 2.0 ஆக எடுப்பார்கள்.

பெரியம்மாவின் கிளினிக் கொப்பியை நான் பிறகு எடுத்துப் பார்த்தேன். மூலை மடங்கி, மருந்துச் சீட்டுகள் ஒட்டி, தேயிலைக் கறை படிந்த கொப்பி. இரத்த வாந்திக்குச் சில வருடங்களுக்கு முன், காலில் ஒரு சத்திரசிகிச்சைக்காக எடுத்த பரிசோதனைத் தாள் அதன் நடுவில் இருந்தது. அப்போது வயது 54. ஏஎஸ்டி 58, ஏஎல்டி 36, தட்டுகள் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம். 54ஐ 58ஆல் பெருக்கினால் 3132. 36இன் வர்க்கமூலம் 6, அதை 140ஆல் பெருக்கினால் 840. வகுத்தால் 3.73. அந்தத் தாளிலேயே எல்லாம் இருந்திருக்கிறது. கூட்டிப் பார்க்க யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்த வைத்தியர் மீதும் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. ஒரு காலையில் நூற்றுக்கணக்கான பேரைப் பார்க்கிறவர்கள் அவர்கள்.

ஆகவே, தோட்டப் பகுதி வைத்தியசாலைகளின் சீனி வருத்தக் கிளினிக்குகளில் வருடத்துக்கு ஒரு தடவை இந்த மூன்று பரிசோதனையையும் எடுத்து, எண்ணைக் கணக்குப் பார்த்துக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தாதியரே செய்யலாம். தொலைபேசியில் நொடியில் வந்துவிடும். காய்ச்சலோடு இருக்கும்போது மட்டும் எடுக்கக் கூடாது. டெங்கு போன்ற காய்ச்சலில் தட்டுகள் குறைந்து ஏஎஸ்டி கூடி எண் பொய்யாகிவிடும். இளம் வயதினரிடமும் இந்தக் கணக்கு அவ்வளவு நம்பகமில்லை. ஃபிப்-4 தவறவிடுகிறவர்களைப் பிடிக்கத்தான் பற்றீரியாப் பரிசோதனை போன்ற புதிய வழி வேண்டும் என்கிறேன்.

கண்டுபிடித்து என்ன செய்ய, மருந்து இல்லையே என்று முன்பு சொல்வார்கள். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. தழும்பேறிய கொழுப்பு ஈரலுக்கு 2024 மார்ச்சில் அமெரிக்காவில் முதல் மருந்தை அனுமதித்துவிட்டார்கள். அது தோட்டத்து வைத்தியசாலைக்கு வர எவ்வளவு காலம் ஆகுமோ. ஆனால் உணவுக்குழாய் நாளங்கள் வெடிப்பதற்கு முன்பே பார்த்துப் பட்டி போடலாம், மாத்திரை கொடுக்கலாம். சீனியைக் கட்டுப்படுத்தலாம். குடிப்பவர் நிறுத்தலாம். சிரோசிஸ் வந்தவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் செய்து புற்றுநோயை நேரத்தோடு பிடிக்கலாம். இவை எல்லாம் இன்றே நம் நாட்டில் செய்யக்கூடியவை.

எங்கிருந்து ஆய்வைத் தொடங்குவது என்று கேட்டால், லிந்துலையிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். அன்று பரிசோதித்த அந்த 400 பேரின் விபரம் உங்களிடம் இருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. யார் யாருக்கு அப்போது ஈரலில் கொழுப்பு இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களில் யாருக்குத் தழும்பு வந்தது, யாருக்கு வரவில்லை, அவர்களின் குடலில் என்ன வித்தியாசம் என்பதை அறிய இதைவிட நல்ல இடம் இந்த நாட்டில் இருக்குமா? சிலர் இறந்திருப்பார்கள், சிலர் கொழும்புக்கு வேலைக்குப் போயிருப்பார்கள், சிலர் மத்திய கிழக்கில் இருப்பார்கள். மிச்சமுள்ளவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எந்த லயம், எந்தத் தொங்கல் வீடு என்று கேட்டால் காட்ட ஆள் இருக்கிறது. நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
தலவாக்கலைப் பகுதி விஞ்ஞான ஆசிரியை ஒருத்தி